நெற்களஞ்சியமும் திருக்கோயிலே!

கெடா மாநிலத்தை மலாய் மொழியில் 'ஜெலாப்பாங் பாடி' எனப் போற்றுவர். நெற்களஞ்சியம் என்பது அதன் பொருள். நம் முன்னோர் பலர் விட்டு வந்த தஞ்சைத் தரணிக்கும் அதுவே சிறப்புப் பெயர். அத்தரணியில் இறைவனுக்கென்றே எழுந்த ஒரு களஞ்சியத்தைத் திருவிழாக் காலத்தில் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்திற்கும் இடையே, பாபநாசத்தில் உள்ளது திருப்பாலைத்துறை. அப்பர் பெருமான் பாடிப் பரவிய இத்தலத்தில் பாலைவனநாதர் எழுந்தருளியுள்ளார். இக்கோயிலுக்கு உரிய நெற்களஞ்சியம் 17ஆம் நூற்றாண்டில், நாயக்கர் ஆட்சியில் செங்கல்லால் கட்டப்பெற்றது. வட்ட வடிவமும் கூம்பிய முடியும் உடைய இது சுமார் 36 அடி உயரமுள்ளது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். கலம் ஒன்றுக்கு 12 மரக்கால். ஆகவே 36,000 மரக்கால் நெல்!

குடிமக்கள் அளந்த நெல்

கோயில் நிலங்களை உழுத குடிகள், விளைச்சலில் கோயிலுக்குரிய பங்கை நெல்லாகவே அளந்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில் அதற்கென 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயரையே தாங்கிய மரக்கால் இருந்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அந்நெல்லே சுவாமிக்குத் திருவமுதாயிற்று; பூசகர், இசைவாணர் முதலிய பணியாளர்க்கு ஊதியமாயிற்று; அடியார்க்கு அன்னமாயிற்று.

இன்று காணிக்கையும் குத்தகையும் பெரும்பாலும் பணமாகிவிட்டன. வெறுமையான களஞ்சியம் எதற்கு என்ற வினா எழுவது இயல்பே. அவ்விடத்தில் அன்னதான மண்டபம் அமைத்தால் பலர் பசியாறுவரே என்பது ஒரு சாரார் வாதம். அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. அன்னம் பாலித்தலே களஞ்சியத்தின் நோக்கமும் ஆகும். எனினும், மண்டபத்தை வேறிடத்திலும் கட்டலாம். இடித்த களஞ்சியத்தை எங்கே தேடுவது? கருவறை மன்னர் கொடையைச் சொல்லும்; களஞ்சியமோ பெயர் பொறிக்கப்படாத உழவரின் வியர்வையைச் சொல்லும். பாபநாசம் களஞ்சியத்தைத் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துள்ளது. திருவரங்கத்திலும் வட்டக் களஞ்சியங்கள் கோயிலுக்குள்ளேயே நிற்கின்றன.

கடாரம் தரும் பாடம்

இஃது எங்கோ நடக்கும் வாதம் என்று நாம் வாளாவிருத்தல் தகாது. பழங்கடாரமாகிய பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்துத் தோட்டத்தில் இருந்த 11ஆம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலம் திருத்தியபோது இடிக்கப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியாயிற்று. அது அரசிதழில் பதிவுபெறாத இடமாக இருந்தது. கண்டனங்கள் எழுந்தன, ஆயினும் அவை இடிப்புக்குப் பின் எழுந்தவையே.

நம் தோட்டக் கோயில்களும் உழைப்பாளர் தம் சம்பளத்திலிருந்து ஈந்த சந்தாவால் எழுந்தவை. அன்று அளந்த நெல்லும் இன்று ஈந்த வெள்ளியும் ஒரே பக்தியின் இரு வடிவங்கள். குடமுழுக்குத் திருப்பணி தொடங்குமுன், மடைப்பள்ளி, சாமான் அறை, பழைய கணக்கேடு ஆகியவற்றையும் ஆலய நிர்வாகத்தினர் படமெடுத்துப் பதிவு செய்தல் வேண்டும். முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். நிலத்தின் உரிமைப் பத்திரத்தையும் சரிபார்த்தல் நலம்.

மூர்த்தி இல்லாத அறை என்று எதனையும் இகழற்க. அடியார் அளித்தது தங்கிய இடமெல்லாம் ஆண்டவன் தங்கிய இடமே!