பாட்டி விமானம் மாறப் போகிறார்!



மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கத்து வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அடுத்த மாதம் பாட்டி சூரிச்சில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போகிறார். தனியாகத்தான் போகிறார். நடுவில் பிராங்க்பர்ட்டில் விமானம் மாற வேண்டுமாம்!"

பாட்டிக்குப் பறப்பதில் பயமில்லை. மாறுவதில்தான் பயம். பாஷை தெரியாத ஊர். பெரிய கட்டடம். வழி தவறிவிட்டால்? பெட்டி வேறு எங்காவது போய்விட்டால்?

இந்தப் பயத்தைப் போக்க உங்களால் முடியும். பாட்டியின் பயணச்சீட்டைக் கையில் வாங்கி, அதைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும். வாருங்கள், படிப்போம்!

ஏன் மாற வேண்டும்?

வடபழனியிலிருந்து மெட்ரோ ரயிலில் விமான நிலையத்துக்குப் போக வேண்டுமானால் என்ன செய்வீர்கள்? பச்சைத் தடத்தில் ஏறி, ஆலந்தூரில் இறங்கி, நீலத் தடத்து ரயிலில் மாறி ஏறுவீர்கள். வானத்திலும் அப்படித்தான்.

சென்னையிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு நேரடி விமானம் உண்டு, சூரிச்சுக்கு இல்லை. தினமும் ஒரு பெரிய விமானத்தை நிரப்பும் அளவுக்குச் சூரிச் போகும் பயணிகள் நம் ஊரில் இல்லை. அதனால் விமான நிறுவனங்கள் ஒரு தந்திரம் செய்கின்றன. பல ஊர்ப் பயணிகளையும் ஒரு பெரிய நிலையத்தில் கொண்டுவந்து சேர்க்கின்றன. அங்கிருந்து சின்ன விமானங்களில் பல ஊர்களுக்கும் பிரித்து அனுப்புகின்றன. மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவில் குடம் இருக்கும். அதிலிருந்து நாலாபக்கமும் ஆரக்கால்கள் போகும் அல்லவா? பிராங்க்பர்ட் அந்தக் குடம். சூரிச், ஹாம்பர்க், வியன்னா எல்லாம் ஆரக்கால்களின் முனைகள்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஆலந்தூரில் ஒரு ரயிலைத் தவறவிட்டால் சில நிமிடங்களில் அடுத்தது வந்துவிடும். விமானத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் காத்திருக்க நேரலாம். அதனால்தான் கவனம் தேவை.

முதலில் மாறியவை கடிதங்கள்!

ஐரோப்பாவுக்கும் நம் சென்னைக்கும் இடையே முதன்முதலில் விமானம் மாறி வந்தது யார் தெரியுமா? மனிதர்கள் அல்லர், கடிதங்கள்!

1932-ம் ஆண்டு. லண்டனிலிருந்து வரும் தபால்களை 'இம்பீரியல் ஏர்வேஸ்' விமானங்கள் கராச்சி வரை கொண்டுவந்தன. அந்தத் தபால்களை அங்கிருந்து நம் பக்கம் எடுத்துவரும் வேலையை டாடா நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாடா தாமே 'பஸ் மாத்' என்ற சின்னஞ்சிறு விமானத்தைக் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக மும்பை ஜுஹூவுக்கு ஓட்டி வந்தார். மும்பையிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட் என்ற விமானி. அந்தச் சிறு நிறுவனம்தான் பின்னாளில் 'ஏர் இந்தியா' ஆனது. கடிதங்களே பத்திரமாக மாறி வந்திருக்கும்போது, பாட்டி மாற மாட்டாரா என்ன!

சீட்டில் எந்த ஊர்க் கடிகாரம்?

இப்போது ஒரு கணக்கு. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன், கணக்குக் கொடுக்காமல் விடுவேனா?

மாதிரிக்கு ஒரு சீட்டை நாமே எழுதிக்கொள்வோம். மாதம் ஜனவரி.

சென்னை புறப்பாடு: அதிகாலை 1.50
பிராங்க்பர்ட் வருகை: காலை 8.10
பிராங்க்பர்ட் புறப்பாடு: காலை 10.25
சூரிச் வருகை: காலை 11.20

"1.50-க்குக் கிளம்பி 8.10-க்குப் போய்விடுகிறார். 6 மணி 20 நிமிடப் பயணம்தானே?" என்று கேட்டால் தவறு! விமானச் சீட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். ஜனவரியில் ஜெர்மனியின் கடிகாரம் நம்முடையதைவிட 4 மணி 30 நிமிடம் பின்னால் இருக்கும். அங்கே 8.10 என்றால் இங்கே பகல் 12.40. ஆக, முதல் விமானம் பறந்தது 10 மணி 50 நிமிடம்.

மாறுவதற்குக் கிடைக்கும் நேரம் 2 மணி 15 நிமிடம். அடுத்த பயணம் 55 நிமிடம். ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் ஒரே நேரம்தான். மூன்றையும் கூட்டுங்கள்: சரியாக 14 மணி நேரம்! பாட்டி சூரிச்சில் இறங்கும்போது நம் வீட்டுக் கடிகாரம் பிற்பகல் 3.50 காட்டும்.

மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அப்போது வித்தியாசம் 3 மணி 30 நிமிடம்தான்.

ஒரே சீட்டா, இரண்டு சீட்டா?

இதுதான் மிக முக்கியம். ரயில் சீட்டில் பி.என்.ஆர். எண் 10 இலக்கம் இருக்கும். விமானச் சீட்டில் எழுத்தும் எண்ணுமாக 6 இருக்கும். இரண்டு விமானங்களுக்கும் ஒரே பி.என்.ஆர். இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே சீட்டாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும், அடுத்த விமானத்தில் இடம் கொடுத்துச் சூரிச் வரை சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. விலை மலிவு என்று இரண்டையும் தனித்தனியாக வாங்கியிருந்தால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. இரண்டாவது சீட்டின் பணம் போனாலும் போகும். சந்தேகமாக இருந்தால், சீட்டு வாங்கிய இடத்திலேயே அப்பாவைக் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

பெட்டியில் மூன்று எழுத்து

விமான நிலையம் ஒவ்வொன்றுக்கும் மூன்றெழுத்துப் பெயர் உண்டு. சென்னைக்கு 'எம்.ஏ.ஏ.'. மெட்ராஸ் என்ற பழைய பெயரிலிருந்து வந்தது. 1996-ல் ஊர்ப் பெயர் சென்னை என்று மாறியது; இந்த மூன்றெழுத்து மாறவில்லை! பிராங்க்பர்ட்டுக்கு 'எஃப்.ஆர்.ஏ.', சூரிச்சுக்கு 'இசட்.ஆர்.எச்.'.

சென்னையில் பெட்டியை எடை போட்டதும் அதன் கைப்பிடியில் ஒரு நீளமான காகிதப் பட்டையை ஒட்டுவார்கள். அதில் கொட்டை எழுத்தில் 'இசட்.ஆர்.எச்.' என்று இருந்தால் பெட்டி தானே சூரிச் வந்து சேரும். பாட்டி நடுவில் அதைத் தேட வேண்டாம். 'எஃப்.ஆர்.ஏ.' என்று மட்டும் இருந்தால் பிராங்க்பர்ட்டிலேயே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். எனவே அந்தக் கவுன்டரிலேயே கேட்டுத் தெளிவு செய்துகொள்ள வேண்டும்.

பட்டையில் 10 இலக்க எண்ணும் கோடுகளும் இருக்கும். அவற்றை இயந்திரம் படித்துத்தான் பெட்டியைப் பிரித்து அனுப்புகிறது. பிராங்க்பர்ட்டில் பெட்டிகள் ஓடும் பாதையின் மொத்த நீளம் ஏறத்தாழ 80 கி.மீ.! சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போய்விடலாம். அந்த எண் அச்சடித்த சிறு துண்டுச் சீட்டைப் பாட்டியிடம் கொடுப்பார்கள். பெட்டி வராவிட்டால் அதைக் காட்டித்தான் கேட்க வேண்டும். தொலைக்கக் கூடாது!

பாஸ்போர்ட் சோதனை எங்கே?

லக்ஸம்பர்க் நாட்டில் ஷெங்கன் என்று ஒரு சிற்றூர். 1985-ல் ஐந்து நாடுகள் அங்கே கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 'நமக்குள் எல்லையில் பாஸ்போர்ட் சோதனை வேண்டாம்' என்பதே அது. இன்று அந்தக் கூட்டத்தில் 29 நாடுகள் உள்ளன. சுவிட்சர்லாந்தும் அதில் உண்டு.

அதனால் வெளிநாட்டவர் முதலில் இறங்கும் ஷெங்கன் ஊரிலேயே சோதனை முடிந்துவிடும். பாட்டிக்கு அது பிராங்க்பர்ட்டில். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறைப்படி கைரேகையும் முகப்படமும் பதிவு செய்கிறார்கள். வரிசை நீளமாக இருக்கலாம். அந்த 2 மணி 15 நிமிடம் எதற்கு என்று இப்போது புரிகிறதா?

கைப்பையையும் அங்கே மறுபடி சோதிப்பார்கள். சென்னையில் நிரப்பிய தண்ணீர் பாட்டிலை அதற்குள் காலி செய்துவிட வேண்டும். 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்தைப் பல நிலையங்களில் விடுவதில்லை. ஊறுகாய், சட்னிகூட அந்தக் கணக்கில் சேரும்!

நெய்யும் கறிவேப்பிலையும்

"பேரனுக்கு நெய், பால்கோவா எடுத்துப் போகிறேன்" என்பார் பாட்டி. மெதுவாகத் தடுத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நம் நாட்டிலிருந்து பயணிகள் பால், இறைச்சிப் பொருட்களை எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. கறிவேப்பிலைக் கொத்து, மாம்பழம் போன்றவற்றுக்குப் பூச்சி இல்லை என்ற சான்றிதழ் வேண்டும். அது வேண்டாத பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, துரியன்.

ஏன் இத்தனை கண்டிப்பு? பழத்தோடு பழ ஈயின் புழுவும் பயணம் செய்துவிடும். அங்குள்ள தோட்டங்கள் பாழாகும். இதனால்தான் 2014 மே மாதம் நம் நாட்டு மாம்பழத்தையே ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தி வைத்தது. 2015-ல்தான் தடையை நீக்கியது.

சின்ன விமானம்

பிராங்க்பர்ட்–சூரிச் தூரம் கிட்டத்தட்ட சென்னை–பெங்களூரு தூரம்தான். நடுவில் ஒரு நடைபாதை, இருபுறமும் இருக்கைகள். இவ்வளவு குட்டிப் பயணத்தில் சாதாரண வகுப்புக்குச் சாப்பாடு கிடைக்காது. பல விமானங்களில் காசுக்குத்தான் தின்பண்டம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி இரண்டு கைப்பையில் இருந்தால் பசி தெரியாது.

ஏறும் வாயிலின் எண் கடைசி நேரத்தில் மாறலாம். அதனால் அட்டையில் அச்சடித்த எண்ணை மட்டும் நம்பாமல், ஆங்காங்கே உள்ள பலகைத் திரையைப் பார்க்க வேண்டும். புறப்படும் நேரத்துக்குச் சற்று முன்பே வாயிலை மூடிவிடுவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

நடக்க முடியாவிட்டால்?

மூட்டுவலி உள்ள பாட்டிக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையங்களில் இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2006-லேயே சட்டம் செய்துவிட்டார்கள். பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். ஒன்று சொல்கிறேன்: நன்றாக நடக்க முடிந்தவர்கள் இதைக் கேட்கக் கூடாது. உண்மையில் தேவைப்படும் ஒருவர் காத்திருக்க வேண்டியதாகிவிடும்.

உங்கள் வேலை

ஒரு கெட்டி அட்டை எடுங்கள். பெரிய எழுத்தில் தமிழிலும், பக்கத்தில் ஆங்கிலத்திலும் இவற்றை எழுதுங்கள்:

1. இரண்டு விமானங்களின் எண்களும், புறப்படும் நேரமும்.
2. பி.என்.ஆர். எண்.
3. "நான் சூரிச் போக வேண்டும். எந்த வாயில் என்று காட்டுங்கள்."
4. சித்தப்பாவின் பெயர், முகவரி, தொலைபேசி எண்.

பின்பக்கம் பெட்டியின் துண்டுச் சீட்டை ஒட்ட இடம் விடுங்கள். பிறகு பாட்டியை ஊஞ்சலில் உட்காரவைத்து ஒருமுறை ஒத்திகை பாருங்கள். நீங்கள்தான் பிராங்க்பர்ட் அதிகாரி! பாட்டி அட்டையை எடுத்துக் காட்டட்டும். இரண்டு தடவை செய்தால் மூன்றாவது தடவை அவரே உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்.