வானம் பார்க்கக் கட்டணம் இல்லை

வானியல் என்றதும் இராசி பலனை நினைப்போர் இன்றும் உண்டு. இரண்டும் வேறு. சோதிடம் கோள்களை வைத்துப் பலன் சொல்வது. வானியல் கோள்களையும் விண்மீன்களையும் கண்டு, அளந்து ஆராய்வது. அந்த அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டு செல்லவே அனைத்துலக வானியல் நாள் கொண்டாடப்படுகிறது.

எப்படித் தொடங்கியது?

1973-இல் அமெரிக்காவின் வட கலிபோர்னியாவில், வானியல் சங்கத் தலைவராக இருந்த டக் பெர்கர் இதைத் தொடங்கினார். வானாய்வு நிலையத்திற்கு மக்கள் வரட்டும் என்று காத்திராமல், மக்கள் கூடும் இடங்களிலேயே தொலைநோக்கிகளை வைப்பதுதான் அவருடைய யோசனை.

ஏப்ரல் நடுப்பகுதிக்கும் மே நடுப்பகுதிக்கும் இடையில், வளர்பிறை அரைநிலவை ஒட்டிய சனிக்கிழமையில் இந்நாள் வரும். 2007 முதல் ஆண்டின் பிற்பகுதியிலும் ஒருமுறை கொண்டாடப்படுகிறது. அரைநிலவு ஏன்? முழுநிலவில் வெயில் நேராக விழுவதால் நிழல் தெரியாது. அரைநிலவில் சாய்வாக விழும் வெயில், குழிகளையும் மலைகளையும் எடுப்பாகக் காட்டும்.

கலிலியோ 1609-இல் தொலைநோக்கியால் வானத்தை ஆராயத் தொடங்கியதன் 400-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2009 அனைத்துலக வானியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது.

தோட்டத்து வானில் என்ன தெரியும்?

கோல சிலாங்கூருக்கு வானம் பார்ப்பது புதிதல்ல. மலாக்கா நீரிணையை நோக்கி நிற்கும் புக்கிட் மெலாவத்தி, நோன்பு மாதப் பிறை பார்க்கும் இடங்களில் ஒன்று.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது இவ்வட்டாரத்தின் பேறு. மே மாத முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தையும் தெற்கே திரிசங்கு எனும் தென்சிலுவையையும் ஒரே திடலில் நின்று காணலாம். துருவ நட்சத்திரம் மட்டும் அடிவானத்திலிருந்து 3 பாகை உயரத்திலேயே நிற்பதால், செம்பனை மரங்கள் அதை மறைத்துவிடும்.

திருமணத்தில் மணமக்களுக்குக் காட்டும் அருந்ததி, சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டர் விண்மீனுக்கு அருகில் இருக்கிறது. சிறிய தொலைநோக்கியில் பார்த்தால் வசிட்டரே இரண்டு விண்மீன்களாகப் பிரிந்து தெரிவார்! அங்கிருந்து இன்று கண்ணை எட்டும் ஒளி ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. இவ்வட்டாரத் தோட்டங்களில் தாத்தா பாட்டிமார் ரப்பர் மரம் சீவிய காலம் அது.

இருட்டும் ஒரு செல்வம்

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறும்போது விளக்குகள் பெருகுகின்றன. மங்கலான விண்மீன்கள் மறைகின்றன. கம்போங் குவாந்தான் ஆற்றோரத்து மின்மினிகளுக்கும் இதே தொல்லைதான். இணையை அழைக்க ஒளிரும் அப்பூச்சிகளைச் செயற்கை வெளிச்சம் குழப்பிவிடும். விளக்குகளுக்கு மூடியிட்டு ஒளியைக் கீழ்நோக்கித் திருப்பினால் இரண்டுக்கும் நன்மை.

பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டப் பெரிய செலவு தேவையில்லை. தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு சனிக்கிழமை மாலையை ஒதுக்கலாம். திடல் விளக்குகளை அணைத்து, கண்கள் இருட்டுக்குப் பழக 20 நிமிடம் பொறுத்தால் போதும். இரவல் வாங்கிய இருகண் நோக்கி ஒன்று இருந்தால் நிலவின் பெரிய குழிகளும் தெரியும். அருந்ததியைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும் பிள்ளை, மறுநாள் பாடநூலைத் திறக்கும்போது கேள்வியோடு திறக்கும்.