மூன்றாவது வாக்கு யாருடையது?

சிறு வர்த்தக நிலையங்கள் பலவற்றின் கணக்குகளும் இருப்புப் பதிவுகளும் ஒரேயொரு சேர்வரிலேயே தங்கியுள்ளன. அது செயலிழந்தால் அன்றைய வியாபாரம் ஸ்தம்பிதமடையும். வீழ்ந்த சேர்வரின் மெய்நிகர் கணினிகளை மற்றொரு சேர்வர் தானாகவே பொறுப்பேற்று இயக்கும் ஏற்பாடு இன்று சிறியோருக்கும் எட்டக்கூடியதே. விஎம்வெயாரை 2023 நவம்பரில் கொள்வனவு செய்த புரோட்கொம், அதன் நிரந்தர அனுமதிப்பத்திர விற்பனையை மறுமாதமே நிறுத்தியது. அனுமதிக் கட்டணமற்ற புரொக்ஸ்மொக்ஸ் எனும் திறந்தமூல மென்பொருளைப் பலரும் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எனினும், இரண்டு சேர்வர்கள் இருந்தாற் போதுமென நாம் எண்ணிவிடலாகாது. இடையிலுள்ள தொடர்பு அறுந்தால், மற்றையது வீழ்ந்துவிட்டதென ஒவ்வொன்றும் கருதி, ஒரே கணக்கை இரண்டும் வெவ்வேறாக எழுதும் அபாயமுண்டு. அதனைத் தடுக்கவே பெரும்பான்மை வாக்கு கோரப்படுகின்றது. இருவரில் ஒருவர் வீழ்ந்தால் எஞ்சியவருக்குப் பெரும்பான்மை ஏது? மூன்றாவது வாக்கை அளிப்பதற்குப் பழைய மேசைக் கணினியொன்றே போதுமானது. மூன்றையும் ஒரே மின்னிணைப்பில் பொருத்தாதிருந்தாற் சரி!

தரவுகளைக் குறித்த இடைவெளிகளிற் பிரதிசெய்யும் முறை மலிவானது. ஆனால், பதினைந்து நிமிடங்களுக்கொருமுறை பிரதி எடுக்கப்படுமாயின், இறுதிப் பிரதிக்குப் பின்னர் பதிந்த விற்பனைச் சிட்டைகள் மீளக் கிடைக்கமாட்டா. அந்த இழப்பைத் தாங்கவியலுமா என்பதைக் கடைக்காரரே முதலில் கணக்கிட வேண்டும்.