விமான இரைச்சலை அடக்கும் கணக்கு!

ஜெட் விமானம் மேலே எழும்புகிறது. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. தொட்டிலில் தூங்கிய குழந்தை வீறிட்டு அழுகிறது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது தினசரித் தொல்லை.

இந்த இரைச்சலை எழுப்புவது எது? என்ஜினுக்குள் சுழலும் இயந்திரம் மட்டும் அல்ல. காற்றும்தான்! என்ஜினின் பின்புறமிருந்து சூடான காற்று பீறிட்டு வருகிறது. வெளியே உள்ள காற்றில் மோதுகிறது. சுழல் சுழலாகப் புரளுகிறது. அந்தச் சுழல்களிலிருந்து இரைச்சல் பிறக்கிறது.

256 மடங்கு!

இதற்குக் கணக்கு எழுதியவர் ஜேம்ஸ் லைட்ஹில். பிரிட்டனைச் சேர்ந்த கணித மேதை. 1952-ல் அவர் 28 வயது வாலிபர். பீறிடும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், சத்தத்தின் சக்தி இரண்டு மடங்கு ஆவதில்லை. சுமார் 256 மடங்கு ஆகிறது என்றது அவர் கணக்கு!

அப்படியானால் வேகத்தைக் குறைத்தால் சத்தம் மளமளவென்று இறங்க வேண்டும் அல்லவா? இறங்கியது. பிற்கால என்ஜின்களின் முன்னால் பெரிய விசிறி வந்தது. அது நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளியது. உண்மையைச் சொன்னால், கம்பெனிகள் பெரிதும் விரும்பியது எரிபொருள் மிச்சத்தை. காதுக்குக் கிடைத்தது கொசுறு!

மூட்டையும் எறும்பும்

மிச்சமிருக்கும் இரைச்சலை என்ன செய்வது? ஒவ்வொரு யோசனைக்கும் ஓர் என்ஜின் செய்து பார்த்தால் பணம் போதாது. எனவே கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்கள். காற்றைக் கோடிக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் வேகம் என்ன, அழுத்தம் என்ன? கண் இமைக்கும் நேரத்துக்குள் அது எத்தனை முறை மாறுகிறது? எல்லாவற்றையும் கணக்கிட வேண்டும்.

இதில் ஒரு சங்கடம். காதைப் பிளக்கும் அந்தச் சத்தம், சீறும் காற்றின் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! அரிசி மூட்டையைத் தராசில் வைத்து, அதன் மேல் ஊரும் எறும்பின் எடையைச் சொல்வது போன்ற வேலை இது. தராசு துளி பிசகினாலும் எறும்பு காணாமல் போய்விடும்.

ஆகவே, என்ஜினை ஒட்டியுள்ள சுழல்களை மட்டும் கட்டம் கட்டமாகக் கணக்கிடுகிறார்கள். தூரத்து வீட்டில் எவ்வளவு சத்தம் கேட்கும் என்பதை, லைட்ஹில் காட்டிய வழியில் வந்த சூத்திரங்களைக் கொண்டு கண்டுபிடிக்கிறார்கள்.

ரம்பப் பற்கள்

என்ஜினின் பின்வாய் விளிம்பை ரம்பப் பல் போல வெட்டினால், சீறும் காற்று வெளிக்காற்றுடன் சீக்கிரம் கலக்கிறது. பெரிய சுழல்கள் அடங்குகின்றன. ஆனால் பற்கள் அளவு மீறினால் என்ஜினின் உந்து சக்தி குறையும். எத்தனை பல்? எவ்வளவு வளைவு? சோதனைகளோடு கம்ப்யூட்டர் கணக்கும் இங்கே கைகொடுத்தது.

2005-ல் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், ஒரு போயிங் 777 விமானத்தில் இந்தப் பற்களைப் பொருத்திப் பறக்க விட்டார்கள். தரையில் மைக்குகளை வைத்துச் சத்தத்தை அளந்தார்கள். 2011-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 787 விமானத்தில், என்ஜின் கூட்டின் பின் விளிம்பில் அந்தப் பற்களைப் பார்க்கலாம்.