மேசைமேல் ஓர் இருப்புப்பாதை – 7: கடன் கேட்கும் கடை

நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் தொங்கும் ஒரு பலகை எல்லோருக்கும் தெரியும்: ‘இன்று ரொக்கம், நாளை கடன்.’ கடன் கேட்பவர் வாடிக்கையாளர், தயங்குபவர் கடைக்காரர் என்பதுதான் வியாபாரத்தைப் பற்றி நமக்குப் பழகிய சித்திரம். பிரிட்டனின் மாதிரி ரயில் சந்தையில் இது பல நேரம் தலைகீழாக நடக்கிறது. இன்னும் அச்சுகூட வெட்டப்படாத எஞ்சினுக்குக் கடை அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளும். எஞ்சின் வந்து சேர ஓராண்டும் ஆகலாம், மூன்றாண்டும் ஆகலாம். அதுவரை கடைக்குக் கடன் கொடுத்தவர், வாங்க வந்தவர்தான். சென்ற வாரங்களில் அளவையும் இடத்தையும் தீர்மானித்துவிட்ட புதியவர் அடுத்துக் கேட்கும் கேள்வி, ‘எந்தக் கடையை நம்பலாம்?’ என்பது. யார் நம்மிடம் நம்பிக்கையை மிகக் குறைவாகக் கேட்கிறாரோ அவர் கடையை நம்பலாம் என்பதே என் பதில். கண்ணெதிரே ஓட்டிக் காட்டுபவர், குறையை எழுத்தில் தருபவர், சரக்கு வந்த பிறகே பணம் எடுப்பவர் ஆகியோரை நம்புவதற்கு நமக்குப் பெரிய துணிச்சல் ஒன்றும் வேண்டியதில்லை.

இந்தப் பொருளின் இயல்பே இப்படிக் கறாராக இருக்கச் சொல்கிறது. பிரிட்டனில் பெரும்பாலானோர் ஓட்டுவது ‘ஓஓ’ அளவு ரயில். நிஜத்தில் ஓர் அடியாக இருப்பது இதில் 4 மில்லிமீட்டர். தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். ஒரு சாண் நீளமுள்ள எஞ்சினுக்குள் மோட்டார், பற்சக்கரங்கள், சக்கரத்தின் முதுகைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் மெல்லிய தகடுகள், சர்க்யூட் போர்டு எல்லாம் அடைந்து கிடக்கும். வெளியே கைப்பிடிக் கம்பி, படி, குழாய் என்று தனித்தனியாகக் கையால் ஒட்டிய பாகங்கள். சீனத் தொழிற்சாலையில் உருவாகி, கப்பலேறி, கிடங்கில் கிடந்து, கூரியர் வண்டியில் குலுங்கி வருகிற இப்படிப்பட்ட சரக்கில் சில பழுதோடு வந்து சேருவது இயற்கை. ஆனால் அந்தப் பழுது பெட்டியைத் திறந்த உடனே தெரியாது. மிக மெதுவாக ஓட்டும்போது திக்கும். முன்னே ஓடும், பின்னே ஓடாது. கால் மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகே முனகத் தொடங்கும். புதிய எஞ்சினை இரு திசையிலும் அரை அரை மணி நேரம் மிதமான வேகத்தில் ஓட்டிப் பழக்க வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான். ஆகவே கண்ணாடி அலமாரியின் பளபளப்பை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். கல்லாவுக்குப் பக்கத்தில் நான்கடிச் சோதனைத் தண்டவாளம் ஒன்று இருக்கிறதா, பணம் வாங்குவதற்கு முன் அதில் எஞ்சினை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டுகிறார்களா என்பதுதான் முதல் அளவுகோல். இணையத்தில் விற்கும் கடையையும் இதே கோலால் அளக்கலாம். அனுப்பும் முன் ஓட்டிப் பார்த்ததாக அது சொல்கிறதா? வீட்டில் ஒருமுறை தண்டவாளத்தில் வைத்துப் பார்த்ததையே காரணமாக்கி, ‘இது பயன்படுத்திய பொருள்’ என்று திருப்பி வாங்க மறுக்கிறதா? இந்த இரண்டையும் வாங்கும் முன்பே கேட்டுவிடலாம்.

இரண்டாவது அளவுகோல் இன்னும் எளிது, ஆனால் புதியவர்கள் கவனிக்கத் தவறுவது: கடைக்காரர் நம்மிடம் என்ன கேட்கிறார்? நீண்ட சக்கரத் தொகுதி கொண்ட பெரிய நீராவி எஞ்சினைக் காட்டி ‘இது வேண்டும்’ என்றால், நல்ல கடைக்காரர் உடனே பில் போட மாட்டார். ‘உங்கள் வளைவு என்ன அளவு?’ என்பார். ஓஓ ரயிலில் முதல் வளைவின் ஆரம் 371 மில்லிமீட்டர், இரண்டாவது 438. இன்றைய பெரிய எஞ்சின்களில் பல 438க்குக் குறைவான வளைவில் திரும்பாமல் தடம் புரளும். சிறிய மேசையில் முதல் வளைவைப் போட்டு வைத்திருப்பவருக்கு அந்த எஞ்சினை விற்பது, கதவுக்குள் நுழையாத கட்டிலை விற்பது போன்றது. ‘டிசிசி ரெடி’ என்ற சொல்லும் அப்படித்தான். தண்டவாளம் வழியே ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறைதான் டிசிசி. ‘ரெடி’ என்று பெட்டியில் போட்டிருந்தால், கட்டளையைப் புரிந்துகொள்ளும் டீகோடரைச் செருக உள்ளே ஒரு சாக்கெட் மட்டும் இருக்கிறது என்று பொருள். டீகோடரைத் தனியாக வாங்க வேண்டும். அந்தச் சாக்கெட்டிலும் 6 முனை, 8 முனை, 18 முனை, 21 முனை என்று பல வகை. இதெல்லாம் தெரியாமல் கேட்பவரிடம் ‘உங்களிடம் என்ன கண்ட்ரோலர் இருக்கிறது?’ என்று திருப்பிக் கேட்கும் கடை, அந்த ஒரு கேள்வியால் தன் விற்பனையையே இழக்கத் தயாராக இருக்கிறது. அதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே விலையைப் பற்றிய மறுப்பு வரும். பெரிய இணையக் கடைகள் பட்டியல் விலையில் 10 முதல் 15 சதவீதம் வரை குறைத்துத் தருவது வழக்கம். எஞ்சின் ஒன்று 150 பவுண்டைத் தாண்டிவிட்ட காலத்தில் அந்தத் தள்ளுபடியை ஒருவர் எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்? இது நியாயமான கேள்வி, பணம் அவருடையது. கடை சின்னதாக இருக்கிறது என்ற இரக்கத்துக்காக யாரும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். நான் சொல்வது வேறு. 10 சதவீதம் குறைவாக வாங்கிய எஞ்சின் வளைவில் திரும்பாமல் போனால் தள்ளுபடி முழுவதும் திருப்பி அனுப்பும் செலவிலேயே கரைந்துவிடும். எதை வாங்குவது என்று தெளிவாகத் தெரிந்தவருக்கு மலிவான கடை லாபம். எதை வாங்குவது என்றே தெரியாதவர் வாங்குவது எஞ்சினோடு சேர்ந்த ஆலோசனையும்தான். அதற்கும் ஒரு விலை உண்டு. ‘தயாரிப்பாளரிடமே நேராக வாங்கிவிட்டால்?’ என்பார்கள். 2022 இறுதியில் ஹார்ன்பி தனது ‘டிடி:120’ என்ற சிறிய அளவு ரயிலை அறிமுகப்படுத்தியபோது, தொடக்கத்தில் தானே நேரடியாகத்தான் விற்றது. அசல் சரக்கா என்ற சந்தேகம் அதில் எழாது, உண்மை. ஆனால் தன் ரயிலைவிட உங்கள் அறைக்கு வேறொருவர் ரயில் பொருந்தும் என்று எந்தத் தயாரிப்பாளரும் சொல்ல மாட்டார்.

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. சட்டம் இருக்கும்போது கடையின் நாணயத்தைப் பற்றி எதற்கு இவ்வளவு கவலை? பிரிட்டனில் சட்டம் உண்மையிலேயே வலுவானது. இணையத்தில் வாங்கிய பொருளைக் கையில் கிடைத்த 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லலாம். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். 6 மாதத்துக்குள் தெரியவரும் பழுது, விற்கும்போதே இருந்ததாகவே பொதுவாகக் கொள்ளப்படும். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு இன்னும் பெரிய அரண்: 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒரு பொருளுக்கு, அட்வான்ஸை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும், கடை கைவிட்டால் கார்டு கொடுத்த வங்கியும் பொறுப்பு. இதைப் புதியவர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கூடவே அதன் ஓட்டைகளையும். தலா 30 பவுண்டு விலையுள்ள பத்துப் பெட்டிகளை வாங்கினால், மொத்தம் 300 ஆனாலும் இந்தப் பிரிவு உதவாது. ஒரு பொருளின் விலைதான் கணக்கு. டெபிட் கார்டுக்கு இது பொருந்தாது. இடையில் வேறொரு பணப்பரிமாற்ற நிறுவனம் நுழைந்தால் வங்கிக்கும் கடைக்குமான இணைப்பு அறுந்துபோகவும் கூடும்.

சட்டத்தின் பெரிய போதாமை வேறோர் இடத்தில் இருக்கிறது. இந்த எஞ்சின்கள் சோப்புபோல் ஆண்டு முழுவதும் வார்க்கப்படுபவை அல்ல. குறிப்பிட்ட நிறம், குறிப்பிட்ட எண், குறிப்பிட்ட காலகட்டம் என்று ஒரு தொகுதி செய்வார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். அடுத்த தொகுதி பல ஆண்டுகள் கழித்து வேறு நிறத்தில் வரும், வராமலும் போகும். பழுதான எஞ்சினுக்குச் சட்டம் பணத்தைத் திருப்பித் தரும், எஞ்சினைத் தராது. அந்த நிலையில் வாங்கியவருக்கு உதவக்கூடியவர், பழுது பார்க்கத் தெரிந்த, உதிரி பாகம் வைத்திருக்கிற, அல்லது அது எங்கே கிடைக்கும் என்று தெரிந்த கடைக்காரர் மட்டுமே. அதனால் ‘பழுது வந்தால் யார் பார்ப்பார்கள்?’ என்ற கேள்விக்குக் கடை தரும் பதிலை நான் தள்ளுபடியைவிட மேலே வைப்பேன்.

இப்போது அட்வான்ஸுக்கு வருவோம். பெரிய கடைகள் திடமானவை, பழைய கடைகள் இன்னும் திடமானவை என்று நினைப்பது மனித இயல்பு. லிவர்பூலில் 1946இல் தொடங்கிய ஹாட்டன்ஸ், பிரிட்டனின் மிகப் பெரிய மாதிரி ரயில் கடைகளில் ஒன்றாக வளர்ந்து, 2024 ஜனவரியில் தொழிலை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் அது கடையைக் கட்டியது. ஆனாலும் ஏறத்தாழ 80 ஆண்டு வயது ஒரு கடைக்கு நிரந்தரத்தைத் தருவதில்லை என்பதற்கு இது போதும். 2019இல் டிஜே மாடல்ஸ் என்ற சிறு நிறுவனம் மூடப்பட்டபோது நிலைமை வேறு. பலரிடம் கூட்டாக நிதி திரட்டிச் செய்வதாக அறிவித்திருந்த எஞ்சின்களுக்கு முன்கூட்டியே பணம் கட்டியவர்களில் பலர் அதை இழந்தார்கள். நிறுவனம் திவாலாகும்போது முன்பணம் கட்டியவர் அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவராகவே எண்ணப்படுவார். வரிசையில் வங்கிகளுக்குப் பின்னால் நிற்க வேண்டியவர். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாமலேயே பணம் போய்விடும். அதனால்தான் ‘இவர் நல்லவரா?’ என்ற கேள்வியோடு மட்டும் நின்றுவிடக் கூடாது என்கிறேன். முன்பதிவுக்குப் பணமே வாங்காமல், சரக்கு கடைக்கு வந்து அனுப்பும் நாளில் கார்டில் எடுத்துக்கொள்ளும் கடைகள் எத்தனையோ இருக்கின்றன. ஒரே எஞ்சினுக்கு ஒரு கடை முழுப் பணத்தை இன்றே கேட்க, இன்னொன்று வந்த பிறகு போதும் என்றால், இரண்டாவது கடையில் பதிவு செய்யப் புதியவருக்கு வேறு காரணம் தேவையில்லை.

முன்பணம் இல்லாவிட்டால் யாருமே தொடாத அரிய எஞ்சின்கள் உருவாகுமா என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். உருவாகாது, அது உண்மை. பெரிய நிறுவனங்கள் லாபம் இல்லை என்று ஒதுக்கிய பல வண்டிகள் ஆர்வலர்கள் முன்கூட்டிப் போட்ட பணத்தால்தான் தண்டவாளம் ஏறின. அந்த முயற்சிகளை நான் மதிக்கிறேன். ஆனால் அப்படிப் பணம் போடுவது ஒரு முயற்சியில் பங்கெடுப்பது, போனால் போகட்டும் என்று தாங்கக்கூடியவர் செய்ய வேண்டியது. கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவது அது இல்லை. முதல் எஞ்சினையே இன்னும் வாங்காதவர் இரண்டையும் குழப்பிக்கொண்டால், ரயில் வருவதற்குள் ஆசையே வடிந்துவிடும்.

குறையை எழுத்தில் தருவதன் அருமை பழைய சரக்குச் சந்தையில்தான் தெரியும். 1938இல் வந்த ‘ஹார்ன்பி டப்ளோ’ என்ற ரயில் வரிசை நடுவில் மூன்றாவது தண்டவாளத்தோடு ஓடியது. இரண்டு தண்டவாள முறைக்கு அது மாறியது 1959இல். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பழைய எஞ்சினை ஆசையாக வாங்கி இன்றைய பாதையில் வைத்தால் ஓடாது. அதற்குப் பிந்திய காலத்துச் சில எஞ்சின்களின் சக்கர விளிம்புகள் மிக ஆழமானவை. ‘கோட் 75’ எனப்படும் தாழ்ந்த தண்டவாளத்தின் பிடிப்புகளில் தட்டித் தட்டிப் போகும். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்துவிட்டால் எஞ்சினின் அடிச்சட்டம் ஆண்டுகள் போகப் போக வீங்கி, விரிசல் கண்டு, பொடிந்துவிடும். இது பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தாலும் நடக்கும். ‘புத்தம் புதியதுபோல், ஒருமுறைகூட ஓட்டாதது’ என்ற விளம்பர வரியைப் பார்த்தால் எனக்கு ஆசையைவிட ஐயமே முதலில் வரும். இருபது ஆண்டு ஓடாத எஞ்சினில் மசகு கோந்தாகியிருக்கும், சக்கரத்தில் பூட்டிய ரப்பர் வளையம் கல்லாகியிருக்கும். ‘ஓட்டிப் பார்த்தோம், முன்னே நன்றாக ஓடுகிறது, பின்னே சற்றுத் திக்குகிறது, இடப்பக்கப் படி ஒன்று இல்லை, பெட்டி கிழிந்திருக்கிறது’ என்று எழுதும் கடையில் வாங்கலாம். ‘சோதிக்கவில்லை’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்துபவரிடம், ஓடாது என்றே வைத்துக்கொண்டு அதற்கேற்ற விலைதான் தர வேண்டும். ஏலத் தளங்களில் விற்பவர் தனிநபர் என்றால் மேலே சொன்ன 14 நாள் உரிமையும் 30 நாள் உரிமையும் பொருந்தாது. விவரித்தபடி பொருள் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான். விவரணையே இல்லாதபோது எதை வைத்து வாதாடுவது?

இணையத்தில் கடைகளுக்குத் தரப்படும் நட்சத்திர மதிப்பெண்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொட்டலம் வேகமாக வந்தது, கட்டு நன்றாக இருந்தது என்று வந்த அன்றே கொடுத்த ஐந்து நட்சத்திரங்கள் கூரியர்காரரைத்தான் அளக்கின்றன. பழுதாகித் திருப்பி அனுப்பியவர்கள் எழுதிய நான்கைந்து வரிகளைத் தேடிப் படிக்கலாம். அங்கே கடை என்ன செய்தது, எத்தனை நாளில் செய்தது என்பது தெரியும். அதையும் தாண்டி நேரே தெரிந்துகொள்ள மலிவான வழி ஒன்று உண்டு. பெரிய எஞ்சினுக்கு முன் அந்தக் கடையில் ஒரு சரக்குப் பெட்டியும் சில துண்டுத் தண்டவாளமும் வாங்குங்கள். அதற்கு முன் தொலைபேசியில் கூப்பிட்டு, உங்கள் மேசையின் நீள அகலத்தைச் சொல்லி, என்ன வளைவு போடலாம் என்று கேளுங்கள். மறுமுனையில் இருப்பவர் பொருளின் எண்ணைக் கேட்கிறாரா, மேசை சுவரை ஒட்டி இருக்கிறதா என்று கேட்கிறாரா என்று பாருங்கள்.