அப்பாவுக்கு மட்டும் பேப்பர் இல்லை!

கால்குலேட்டர் இருக்கா பாஸ்? சின்னக் கணக்குதான். அமெரிக்காவில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, ரெண்டு பசங்க. அப்பாவிடம் மட்டும் குடியேற்றப் பேப்பர் இல்லை. 1980-ல் வந்த சட்டப்படி, மத்திய அரசோட வாடகை உதவி அவருக்குக் கிடையாது. மத்த மூணு பேருக்கு உண்டு. அதனால முழு உதவியில் முக்கால் பங்குதான் வரும். மிச்சத்தை அவங்களே கட்டணும். 'ஓசியில இருக்காங்க'ன்னு யாராவது சொன்னா, இந்தக் கணக்கைக் காட்டுங்க.

2019-ல் ட்ரம்ப் அரசு ஒரு விதியைக் கொண்டுவரப் பார்த்துச்சு. வீட்டில் ஒருத்தருக்குப் பேப்பர் இல்லேன்னாலும் குடும்பமே காலி பண்ணணும். அந்த இடம், காத்திருக்கிற அமெரிக்கர்களுக்கு. நியாயமாத்தானே இருக்குன்னு நானும் முதல்ல நினைச்சேன். அப்புறம்தான் அவங்க வீட்டுவசதித் துறையே போட்ட கணக்கைப் பார்த்தேன். பாதிக்கப்படுறது சுமார் 25,000 குடும்பங்கள். அதில் உதவிக்கு முழுத் தகுதியுள்ள குழந்தைகள் மட்டும் 55,000 பேர்! புதுசா வர்றவங்களுக்கு முக்கால் இல்ல, முழு உதவி தரணும். அதுக்கு வருஷத்துக்கு 19 கோடி டாலருக்கு மேல கூடுதல் செலவு. பணம் வரலைன்னா? உதவி கிடைக்கிற வீடுகளே குறையும்.

2021-ல் பைடன் அரசு அந்த விதியை வாபஸ் வாங்குச்சு. க்யூ மட்டும் குறையலை. தகுதியிருக்கிற நாலு குடும்பத்தில் ஒண்ணுக்குத்தான் உதவி கிடைக்குது, ஏன்னா ஒதுக்குற பணமே அவ்வளவுதான். திட்டு வாங்குறது என்னவோ அந்த அப்பா!