மனச்சிதைவும் உடன்வரும் நோய்களும்

உடல் நோயுற்றால் உற்றாரிடம் கூறுகிறோம். மனம் நோயுற்றால் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவரிடையே இவ்வழக்கம் இன்னும் மிகுதி. பெரியவர்கள் அருகில் இல்லை; அண்டை வீட்டாரின் மொழி வேறு; செய்தி ஊருக்கு எட்டினால் பெண் கொடுப்போரும் கொள்வோரும் தயங்குவரோ என்னும் அச்சமும் உண்டு. ஆதலின், மனநோய்களுள் கடுமையானதாகிய மனச்சிதைவைப் பற்றியும், அதனோடு சேர்ந்து வரும் பிற மனநோய்களைப் பற்றியும் சில செய்திகளைச் சங்க அன்பர்கள்முன் வைக்க விரும்புகிறோம். நாம் மருத்துவர் அல்லோம். இரயில்வேயில் எழுத்தர் பணி புரிகிறோம். கற்றறிந்ததையும், நம் குடியிருப்புகளில் கண்டதையுமே இங்கு எழுதுகிறோம்.

மனச்சிதைவு என்பது யாது? பிறர் செவிக்கு எட்டாத குரல்கள் நோயாளிக்குக் கேட்கும். யாரோ தம்மைப் பின்தொடர்வதாகவும், உணவில் நஞ்சு கலப்பதாகவும் அசையாத நம்பிக்கை எழும். பேச்சு தொடர்பின்றிச் சிதறும். பிறகு குளிப்பதிலும், உண்பதிலும், பிறரோடு பழகுவதிலும் நாட்டம் குறையும். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டி இந்நோய் தலைகாட்டுகிறது. பெண்களுக்குச் சற்றுப் பிந்தி வருவதுண்டு. உலகில் 2 கோடிப் பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர், இந்நோய் உடையவர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. எனவே இஃது ஏதோ ஒரு குடும்பத்திற்கு மட்டும் நேர்ந்த சாபமன்று.

ஜெர்மனி நாட்டு மருத்துவர் எமில் கிரெப்பெலின் 1899-இல் கடும் மனநோய்களை இரு பெரும் பிரிவாக்கினார். இளமையிலேயே அறிவைச் சிதைப்பது ஒன்று. மிகையான களிப்பும் மிகையான துயரமும் மாறி மாறி வருவது மற்றொன்று. முதல் வகைக்கு ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்னும் பெயரை 1908-இல் சூட்டியவர் சுவிட்சர்லாந்து நாட்டு ஆய்கன் புளூலர். பிளவுபட்ட மனம் என்பது அச்சொல்லின் பொருள். ஓர் உடலுக்குள் இருவர் குடியிருப்பதாகப் பலர் இதற்குப் பொருள் கொள்கின்றனர், அது பிழை. எண்ணமும் உணர்ச்சியும் செயலும் ஒன்றோடொன்று இசையாமல் பிரிந்து நிற்பதையே அவர் குறித்தார்.

கிரெப்பெலின் எழுப்பிய சுவர் நெடுநாள் நின்றது. ஆயினும் இரு பக்க நோய்க்குறிகளும் ஒருவரிடமே காணப்படுவதை 1933-இல் ஜேக்கப் கசானின் எடுத்துக்காட்டினார். 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, சுவீடனில் 20 இலட்சம் குடும்பங்களை ஆராய்ந்து, மனச்சிதைவும் இருமுனை மனநோயும் மரபு வழியில் பெரும்பகுதி உறவுடையவை என்று கண்டது. இவ்விரண்டோடு மனச்சோர்வு, ஆட்டிசம், கவனக்குறைவு நோய் ஆகியவற்றிற்கும் மரபணுக்களில் பொதுவான பங்கு உண்டென 2013-இல் அறிந்தனர். ஒரு நோய் உள்ள இடத்தில் மற்றொன்றும் இருக்கக்கூடும் என்பதே இவற்றால் நாம் பெறும் பாடம்.

இரட்டைப் பாதையில் அமைந்த இரயில்வே கேட்டை எண்ணிப் பாருங்கள். ஒரு வண்டி கடந்து சென்றதும், ‘இனி அச்சமில்லை’ என்று காலை எடுத்து வைப்பவர், எதிர்ப் பாதையில் வரும் வண்டியைக் காண்பதில்லை. முதல் வண்டியே அதனை மறைத்துவிடுகிறது. மனச்சிதைவின் நிலையும் இத்தகையதே. கூச்சலும் ஐயமும் அடங்கியவுடன் நோய் தீர்ந்ததாக வீட்டார் மகிழ்கின்றனர். அவ்வேளையில் மனச்சோர்வு ஓசையின்றி வந்து நிற்பதுண்டு.

இந்நோயாளிகளுள் நான்கில் ஒருவரேனும் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர் என்பர் வல்லுநர். இதற்குக் காரணம் உண்டு. தெளிவு திரும்பும்போதுதான், படிப்பு நின்றது, வேலை போனது, நண்பர் விலகினர் என்பனவெல்லாம் நோயாளிக்குப் புலனாகின்றன. இந்நோயுடையாருள் 100-க்கு ஏறத்தாழ ஐவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்கின்றனர். நோயின் முதல் ஆண்டுகளிலும், மருத்துவமனையினின்று வீடு திரும்பிய வாரங்களிலும் இவ்விடர் மிகுதி. நாம் ‘பையன் சாதுவாகிவிட்டான்’ என்று ஆறுதல் கொள்ளும் நாட்களும் அவையே.

நாமறிந்த ஒரு வீட்டில் இவ்வாறே நடந்தது. குரல்கள் நின்ற பின் மகன் திண்ணையில் பேசாது அமர்ந்திருந்தான். சுற்றத்தார் அதனை நலமெனக் கொண்டனர். ஒரு நாள் அவன், “அம்மா, நான் உங்களுக்குப் பாரம்” என்றான். அன்னை அச்சொல்லைத் தள்ளிவிடவில்லை. மறுநாளே மருத்துவரிடம் சென்று, இந்தி அறிந்த அண்டை வீட்டுத் தமிழர் ஒருவர் வாயிலாக அதனை அப்படியே கூறினார். மனச்சோர்வுக்கும் சேர்த்து மருத்துவம் தொடங்கிற்று. அவ்விளைஞர் இன்று ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார்.

சோர்வையும் நோயின் மந்தத்தையும் பிரித்தறிவது எளிதன்று. வெறுமனே நாட்டமின்றி இருப்பது மனச்சிதைவின் கூறாகலாம். ‘எல்லாம் என்னால் கெட்டது, இனி விடிவில்லை’ என்னும் துயரமும் குற்ற உணர்வும் சேர்ந்தால் அது மனச்சோர்வாகலாம். சில வேளை மருந்தின் பக்கவிளைவே உடலை மந்தமாக்கும்; அன்றி, ஓரிடத்தில் இருக்கவொட்டாமல் கால்களை அலைக்கழிக்கும். அதற்காக மருந்தைத் தாமே நிறுத்துதல் கூடாது; மருத்துவரிடம் கூறினால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். குளோசபின் என்னும் மருந்து இந்நோயாளிகளின் தற்கொலை இடரைக் குறைப்பதற்கென்றே 2002-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுள்ளது. எனவே வழியில்லை என்று சோர வேண்டுவதில்லை.

இனி, வேறு துணை நோய்களும் உள. காரணமற்ற திகிலும் படபடப்பும் வரலாம். கையைக் கழுவிக்கொண்டே இருத்தல், பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தல் போன்ற செயல்கள் ஓயாது துரத்தலாம். புகையும் குடியும் பற்றிக்கொள்ளலாம். கஞ்சாவைப் பற்றித் தனியே கூற வேண்டும். சுவீடனில் படைக்கு அழைக்கப்பெற்ற 45,000-க்கு மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987-இல் வெளியாயிற்று. கஞ்சாவை மிகுதியாகப் பயன்படுத்தியவரிடையே மனச்சிதைவு ஆறு மடங்கு காணப்பட்டது. வடநாட்டில் ஹோலிப் பண்டிகையன்று பாங்கு என்னும் கஞ்சாப் பானம் விளையாட்டாக நீட்டப்படுகிறது. இந்நோய் தோன்றிய குடும்பத்துப் பிள்ளைகள் அதனை மறுப்பதே நலம்.

குடிபெயர்ந்தோர்க்கும் இந்நோய்க்கும் ஒரு தொடர்பு பேசப்படுகிறது. நார்வேயிலிருந்து அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குடியேறியவரிடையே மனச்சிதைவு மிகுந்திருந்ததை ஓடகார்டு 1932-இல் கண்டார். பிற்காலத்தில் ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அயல்நாட்டிலிருந்து வந்தோரிடையே இதனையே கூறின. இடம் பெயர்தல் மட்டுமே நோயைத் தருவதன்று. தனிமையும் புறக்கணிப்பும் சுமையைக் கூட்டுகின்றன என்று கருதுகின்றனர். தனிமையைப் போக்குவதன்றோ சங்கத்தின் வேலை?

மொழி நமக்குரிய மற்றோர் இடையூறு. ‘குரல் கேட்கிறது’ என்பதை அரைகுறை இந்தியிலும் சொல்லிவிடலாம். ‘உள்ளம் வெறிச்சோடிக் கிடக்கிறது’ என்பதைத் தாய்மொழியிலன்றி யார் சொல்ல வல்லார்? மருத்துவர் கேளாததாலன்று, நோயாளி கூற இயலாததாலேயே இரண்டாவது நோய் மறைந்துபோகிறது. எனவே, இரு மொழியும் அறிந்த அன்பர் ஒருவர் மருத்துவமனைக்கு உடன் செல்லுதல் பேருதவியாகும். கேட்டதை வெளியில் கூறாத நாவடக்கம் அவர்க்கு வேண்டும். மைய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியும் உண்டு. 14416 என்னும் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் பேசலாம்.

நோயாளியை ஊருக்கு அழைத்துச் சென்று ஏதேனும் ஒரு தலத்தில் விட்டுவரும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியிடுதலை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறை வழிபாடு மனத்திற்கு ஆறுதல் தரும். மருந்தும் உடன் நடக்கட்டும். அதே தமிழகத்தில்தான் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமாகிய ‘ஸ்கார்ஃபை’த் தோற்றுவித்தார். மருந்தோடு தொழிற்பயிற்சியும் குடும்பத்தார்க்கு அறிவுரையும் சேர்ந்தால் நோயாளி மீண்டும் சமுதாயத்தில் நிற்க இயலும் என்பதை அந்நிறுவனத்தின் பணி காட்டியுள்ளது.

ஆகவே அன்பர்களே, இந்நோயுடையார் வீட்டில் இருப்பின், அவர் அமைதியான பிறகும் கவனியுங்கள். உறக்கம், உணவு, துயரச் சொல், புகை, குடி ஆகியவற்றைக் குறித்து வைத்து மருத்துவரிடம் கூறுங்கள். ‘உயிர் வாழ விருப்பமில்லையா?’ என்று அன்போடு கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. சொல்லத் தவித்தவர்க்கு வாயில் திறக்கும். அத்தகைய வீட்டிற்குத் தீபாவளிப் பலகாரம் கொண்டு செல்லும்போது வாயிலில் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், உள்ளே சென்று சற்று நேரம் அமர்ந்து, அவரோடு தமிழில் பேசிவிட்டு வருமாறு வேண்டுகிறோம்.